வலி தலையில்... காரணம் கழுத்தில்!

மாலை நான்கு மணிக்கு மேல் பின்கழுத்தில் ஒரு பிடிப்பு தொடங்கும். அது மெல்ல மேலேறி, ஒரு பக்கக் கண்ணுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பலருக்கு இது பழகிப்போன தலைவலி. உடனே மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைப்போம். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்றுவோம். அதிலும் சரியாகாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். கழுத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. தாடையைப் பற்றி நினைப்பதே இல்லை!

இந்த வலிகளில் ஒரு பகுதிக்கு மருந்து மாத்திரையில் இல்லை, பிசியோதெரபியில் இருக்கிறது. தமிழில் இதை இயன்முறை மருத்துவம் என்கிறோம். எந்தத் தலைவலிக்கு அது உதவும், எதற்கு உதவாது, வீட்டுக் கம்ப்யூட்டரில் நாம் என்ன மாற்ற வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

தொழிற்சாலையிலும் திரைதான்

கழுத்து வலி என்றால் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனிக்காரர்களின் வியாதி என்று நினைக்க வேண்டாம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷ்லின் டயர் தொழிற்சாலை உள்ளிட்ட நிறுவனங்கள் இருக்கும் சிப்காட் தொழில் பூங்கா இங்கேதான் உள்ளது. 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தால் சென்னைவாசிகளுக்கும் இந்த ஊரின் பெயர் தெரியும்.

இதுபோன்ற தொழில் பூங்காக்களில் இன்று வேலை என்பது உடல் உழைப்பு மட்டும் அல்ல. ஸ்டோர்ஸில் பார்கோடு, மெஷின் பக்கத்தில் டச் ஸ்கிரீன், டிசைன் பிரிவில் கேட் வரைபடம், ஆபீஸில் எக்ஸெல் என்று எங்கும் திரைதான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் குனிந்த தலையோடு மொபைல். கண் அசந்தால் தலை ஒரு பக்கமாகத் தொங்கிய தூக்கம். வீட்டுக்கு வந்தால் கட்டிலில் சாய்ந்துகொண்டு லேப்டாப். ஆக, கழுத்துக்கு மட்டும் ஷிப்ட் முடிவதே இல்லை.

கழுத்து வலி தலைக்கு எப்படிப் போகிறது?

கழுத்தின் மேல்பகுதியில் இருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், முகம், நெற்றி, தாடை ஆகியவற்றின் உணர்வைக் கொண்டுவரும் டிரைஜெமினல் நரம்பும் மூளைத்தண்டுப் பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு கீபோர்டுகளை இணைத்துப் பாருங்கள். எதில் தட்டினாலும் எழுத்து ஒரே திரையில்தான் வரும். எந்தக் கீபோர்டில் இருந்து வந்தது என்று வேர்டுக்குத் தெரியாது. அதைப்போலவே, கழுத்து மூட்டில் இருந்து புறப்பட்ட வலியை மூளை நெற்றியில் இருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

இப்படிக் கழுத்தில் இருந்து பிறக்கும் தலைவலிக்கு 1983இல் செர்விகோஜெனிக் தலைவலி என்று பெயர் வைத்தவர் நார்வே நாட்டு நரம்பியல் டாக்டர் ஒட்டார் ஷோஸ்டாட். 2018இல் வெளியான சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பிலும் இதற்குத் தனி இடம் உண்டு.

குனிவதால் கழுத்துக்கு எவ்வளவு பாரம்? நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். தலையை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் விசை சுமார் 12 கிலோ. 30 டிகிரியில் 18 கிலோ. மொபைலைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. அதாவது, ஒரு அரிசி சிப்பத்தைவிடக் கொஞ்சம் அதிகம்! இது மாடல் வைத்துப் போட்ட கணக்குதான். மனிதர்களிடம் அளந்தது அல்ல. குனிந்தாலே கழுத்து கெட்டுவிடும் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே நிலையில் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதுதான் பெரிய தொல்லை.

உங்கள் தலைவலி எந்த வகை?

கழுத்துத் தலைவலி: பெரும்பாலும் ஒரே பக்கம். பின்கழுத்தில் தொடங்கி முன்னால் வரும். கழுத்தைத் திருப்பினாலோ, ஒரே நிலையில் வைத்திருந்தாலோ கூடும். வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

டென்ஷன் தலைவலி: தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல இரு பக்கமும் அழுத்தும். துடிப்பு இருக்காது.

மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி: விண்விண் என்று தெறிக்கும். குமட்டல் வரும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. மைக்ரேன் வரும்போதும் பலருக்குக் கழுத்து வலிக்கும் என்பதால், கழுத்து வலிக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மைக்ரேனுக்கு டாக்டர் தரும் தனி மருந்துகள் உண்டு.

தாடைத் தலைவலி: நெற்றிப்பொட்டிலும் காதுக்கு முன்னாலும் வலிக்கும். காலையில் எழும்போதே தாடை இறுகியிருக்கும். முறுக்கு, கரும்பு போன்றவற்றைக் கடிக்கும்போது வலி கூடும். வாயைத் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கலாம். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படாது.

தாடை வலிக்குக் கம்ப்யூட்டரில் நாம் செய்யும் ஒரு காரியமும் காரணமாகலாம். ஒரு கோடிங் பிழையைத் தேடும்போதோ, கணக்கு டேலி ஆகாதபோதோ நம்மை அறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம். சாப்பிடாத, பேசாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கவே கூடாது. உதடுகள் மூடியிருக்க வேண்டும். பற்கள் விலகியிருக்க வேண்டும். நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் தொட்டிருக்க வேண்டும். இதைப் படிக்கும் இந்த நிமிடத்தில் உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்!

எக்ஸெல்லில் ஒரு தலைவலி டைரி

டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போகும் முன் நான்கு வாரத்துக்கு ஒரு கணக்கு எழுதுங்கள். எக்ஸெல்லோ லிப்ரே ஆபீஸ் கால்க்கோ எதுவும் போதும். தேதி, ஷிப்ட், வலி தொடங்கிய நேரம், வலித்த இடம், 10க்கு எவ்வளவு வலி, கம்ப்யூட்டரில் இருந்த மணி நேரம், தூங்கிய மணி நேரம், மாத்திரை என்று எட்டு காலங்கள் போடவும். மாத்திரை போட்ட நாளில் 1 என்றும், போடாத நாளில் 0 என்றும் டைப் செய்யவும். மாதக் கடைசியில் அந்தக் காலத்துக்குக் கீழே கிளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் மொத்தம் வந்துவிடும்.

இந்த மொத்தம் மிக முக்கியம். ஏற்கனவே தலைவலித் தொல்லை உள்ளவர்கள் பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கும் அதிகமாகச் சாப்பிட்டு வந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். காஃபீன் போன்றவை சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கு 10 நாளே எல்லை. தலைவலிக்காக மாத்திரை, மாத்திரையால் தலைவலி என்று சுற்றிச் சுற்றி வரும் முடிவில்லாத லூப் இது! உங்கள் மொத்தம் இந்த எண்களை நெருங்கினால் டாக்டரைப் பார்த்தே மாத்திரையைக் குறைக்க வேண்டும். டைரியின் மற்ற காலங்களும் வீண் போகாது. வலி கம்ப்யூட்டர் நேரத்தோடு கூடுகிறதா, நைட் ஷிப்டோடு கூடுகிறதா, தூக்கம் குறைந்த நாளில் கூடுகிறதா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பிசியோதெரபிஸ்ட் என்ன செய்வார்?

முதல் நாள் கேள்விகளும் பரிசோதனையும்தான். கழுத்து எவ்வளவு திரும்புகிறது, எந்த மூட்டை அழுத்தினால் பழகிய அந்தத் தலைவலி வருகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பார். பிறகு கைகளால் மூட்டுகளை மெதுவாக அசைத்துத் தளர்த்துவார். இறுகிய தசைகளை நீவி விடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, உடற்பயிற்சி சொல்லித் தருவார்.

பலன் இருக்கிறதா? ஆஸ்திரேலியாவில் கிவென் ஜல் என்ற பிசியோதெரபி பேராசிரியர் தலைமையில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. கழுத்துத் தலைவலி உள்ள 200 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கைச் சிகிச்சை, ஒன்றுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. சிகிச்சை நடந்தது ஆறு வாரம் மட்டுமே. கைச் சிகிச்சை, உடற்பயிற்சி இரண்டுமே தலைவலி வரும் தடவைகளையும் கடுமையையும் குறைத்தன. அந்தப் பலன் 12 மாதம் கழித்துப் பார்த்தபோதும் நிலைத்திருந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கிளினிக்கில் கரண்ட் வைப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் அவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்யாமல் விட்டால், ஆன்டிவைரஸை இன்ஸ்டால் செய்துவிட்டு அப்டேட் செய்யாமல் விட்டதுபோலத்தான்!

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து மிரள வேண்டாம். ஜப்பானில் கழுத்துத் தொல்லை எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. எனவே 'டிஸ்க் பிதுக்கம்', 'தேய்மானம்' என்று எழுதியிருந்தால், அதுதான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். டாக்டர் சொல்லாமல் கழுத்தில் காலர் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். நாள்கணக்கில் காலருக்குள் இருந்தால் தசைகள் பலம் இழக்கும்.

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

கீழே உள்ளவை பொதுவானவை. செய்யும்போது வலி கூடினாலோ, தலை சுற்றினாலோ, கை மரத்தாலோ நிறுத்திவிடவும்.

1. தாடையை உள்ளே இழுத்தல்: நிமிர்ந்து உட்காரவும். குனியாமல், நிமிராமல் மோவாயை நேர் பின்னால் தள்ளவும். 5 விநாடி நிறுத்தவும். 10 முறை.

2. மெல்லிய தலையசைப்பு: மல்லாந்து படுத்து, மடித்த துண்டைத் தலைக்கு அடியில் வைக்கவும். தலையைத் தூக்காமல், 'ஆமாம்' என்பதுபோல மோவாயை மிக லேசாக அசைத்து 10 விநாடி நிறுத்தவும். 10 முறை. கழுத்தின் ஆழத்தில் உள்ள தசைகளுக்கான பயிற்சி இது. மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வின் பயிற்சியும் இந்த வகைதான்.

3. தோள்பட்டை எலும்புகளைச் சேர்த்தல்: இரண்டு தோள்பட்டைகளையும் பின்னுக்கும் கீழுக்குமாக இழுத்து 5 விநாடி நிறுத்தவும். 10 முறை.

4. தாடைப் பயிற்சி: நாக்கின் நுனியை அண்ணத்தில் வைத்துக்கொண்டே, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடவும். 6 முறை. ஒரு நாளைக்கு 6 தடவை. சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொக்கபாடோ வகுத்த ஆறுக்கு ஆறு பயிற்சித் தொகுப்பில் இப்படித்தான் எண்ணிக்கை வரும்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் பல் டாக்டரையும் பார்க்க வேண்டும். பற்களுக்கு இடையே வைக்கும் உறை தேவையா என்று அவர் சொல்வார்.

கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டியவை

எழுத்து சிறியதாக இருந்தால் தலை தானாக முன்னால் போகும். எனவே முதல் சிகிச்சை எழுத்துக்குத்தான்! விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று வரிசையாகச் செல்லவும். அங்கே ஸ்கேல் என்பதில் 100 சதவீதம் இருந்தால் 125 என்று மாற்றவும். பிரவுசரில் கண்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு பிளஸ் கீயை அழுத்தவும். எக்ஸெல்லில் கண்ட்ரோல் கீயோடு மௌஸின் சக்கரத்தைச் சுழற்றவும்.

மானிட்டரின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு பார்வைக்குமான பைஃபோகல் கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பாதி வழியே பார்ப்பதற்காக மோவாயைத் தூக்குவார்கள். அவர்கள் மானிட்டரை இன்னும் கீழே இறக்க வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் தடிமனான புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, தனியாக ஒரு கீபோர்டும் மௌஸும் இணைத்துக்கொள்ளவும். கழுத்துக்காக நீங்கள் செய்யும் செலவில் மிகப் பயனுள்ளது இதுதான். டைப் செய்துகொண்டே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிப் பேசும் பழக்கத்தை விட்டுவிட்டு ஹெட்செட் மாட்டிக்கொள்ளவும்.

அடுத்து, இடைவேளை. ஒர்க்ரேவ் என்ற இலவச சாப்ட்வேர் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். இன்ஸ்டால் செய்தபின் பிரிபரன்சஸ் பகுதியில் டைமர்ஸ் என்பதைத் திறந்து, மைக்ரோ பிரேக்கை 20 நிமிடத்துக்கு 30 விநாடி என்றும், ரெஸ்ட் பிரேக்கை 45 நிமிடத்துக்கு 5 நிமிடம் என்றும் அமைக்கலாம். ரெஸ்ட் பிரேக்கின்போது ஒரு பொம்மை உருவம் திரையில் வந்து பயிற்சியும் செய்து காட்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாப்ட்வேர் போட அனுமதி இல்லையா? சிறிய தண்ணீர் பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். காலியாகும் போதெல்லாம் எழுந்து போய் நிரப்பியே ஆக வேண்டும்!

கம்பெனி பஸ்ஸில் மடியில் பையை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் மொபைலை வைத்துப் பாருங்கள், குனிவு குறையும். தூங்குபவர்களுக்குக் கழுத்தைச் சுற்றி வரும் தலையணை நல்லது.

இவற்றைச் செய்யாதீர்கள்

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதை இனி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து எலும்புகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதாக நடப்பதுதான் என்றாலும், நடந்தால் பெரிய ஆபத்து.

நைட் ஷிப்டில் தூக்கம் வராமலிருக்கப் பாக்கு, புகையிலை மெல்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா? முடியவில்லை, காரம் பட்டாலும் எரிகிறது என்றால் அது சாதாரணத் தாடைப் பிடிப்பாக இல்லாமல், பாக்கால் வரும் வாய்த்தசை இறுக்க நோயாக இருக்கலாம். இது புற்றுநோயாக மாறக்கூடியது. பயிற்சி செய்து பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாமல் பல் டாக்டரிடம் போகவும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

• இடி விழுந்ததுபோல் திடீரென்று வரும் கடுமையான தலைவலி
• காய்ச்சலோடு கழுத்து விறைப்பு
• கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல், நடையில் தள்ளாட்டம்
• தலையில் அடிபட்ட பிறகு தொடங்கிய வலி
• 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி, மெல்லும்போது தாடை வலி
• நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடையில் வலி, மார்பு அழுத்தம், வியர்வை. இது மாரடைப்பாக இருக்கலாம். 108க்குப் போன் செய்யவும்.

யாரிடம் போவது?

பிசியோதெரபியில் பி.பி.டி. பட்டம் பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்பதில் தவறில்லை. 2021இல் நிறைவேறிய தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் பிசியோதெரபியும் வருகிறது. தேர்வாய் கண்டிகைப் பக்கம் இருப்பவர்கள் முதலில் கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல் சிகிச்சைக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தாடைத் தொல்லைக்குச் சென்னையில், கோட்டை ரயில் நிலையம் அருகே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. வெளியே போக முடியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் சேவைகளில் பிசியோதெரபியும் அடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனால் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டோம். எந்த புரோகிராமால் வருகிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்போம். தலைவலி மாத்திரை என்பது ரீஸ்டார்ட் மாதிரி. இன்றே அந்த எக்ஸெல் பைலைத் திறந்து முதல் வரியை டைப் செய்யுங்கள். நான்கு வாரம் கழித்து அதை ஒரு பிரிண்ட் அவுட் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வலி தலையில் பிறக்கிறதா, கழுத்திலா, தாடையிலா என்று கண்டுபிடிக்க அந்த ஒரு தாள் அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.